லுப்லின்: இரண்டு குன்றுகளின் மீது ஓர் அரச நகரம்

போலந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள லுப்லின் கோட்டை படங்களில் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம் போலத் தெரிகிறதே, அதை இடைக்காலக் கோட்டை என்று எப்படிச் சொல்கிறார்கள், அந்த ஊரை ‘அரச நகரம்’ என்று குறிப்பிடுவதன் பொருள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது சரிதான். படங்களில் முதலில் கண்ணில் படும் நீண்ட முகப்பும் அதன் உச்சியில் பல்வரிசை போல் உள்ள ஞாயில்களும் 1824க்கும் 1826க்கும் இடையில், கூர்வளைவுகளுக்குப் பெயர்பெற்ற இடைக்காலக் கோதிக் பாணியைப் பின்பற்றி, சிறைச்சாலைக்காகக் கட்டப்பட்டவை. அந்த முகப்பைக் கடந்து முற்றத்துக்குள் சென்றால்தான் இடைக்காலத்திலிருந்து எஞ்சிய இரண்டு கட்டடங்கள் தென்படும். ஒன்று, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்டக் கோபுரம். மற்றொன்று, 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு 1418இல் உட்புறம் ஓவியங்களால் நிறைக்கப்பட்ட தூய திரித்துவச் சிற்றாலயம். லுப்லின் எல்லைக் காவல் ஊராகப் பிறந்து, எல்லை கிழக்கே நகர்ந்தபோது இரண்டு நாடுகளுக்கு நடுவிலுள்ள ஊராக மாறியது என்பதுதான் அதன் இடைக்கால வரலாற்றின் மையம் என்பது என் கருத்து. கோபுரம் முதல் நிலைக்கும் சிற்றாலயம் இரண்டாம் நிலைக்கும் சாட்சி. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நில அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். விஸ்துலா ஆற்றுக்கும் பூக் ஆற்றுக்கும் இடையே, காற்று கொண்டுவந்து சேர்த்த மென்மண் படிந்த மேட்டு நிலத்தை, பிஸ்ட்ஷிட்சா என்ற ஆறும் அதில் கலக்கும் செஹூஃப்கா ஓடையும் பல குன்றுகளாக அரித்துப் பிரித்திருக்கின்றன. குன்றுகளுக்கு இடையிலுள்ள தாழ்நிலம் அக்காலத்தில் சதுப்பாக இருந்ததால், ஒவ்வொரு குன்றும் தனக்கென ஓர் இயற்கை அரண் பெற்றிருந்தது. வடக்கில் உள்ள ச்வார்தெக் குன்றில் 6, 7ஆம் நூற்றாண்டுகளிலேயே மக்கள் குடியிருந்ததைத் தொல்லியல் அகழாய்வுகள் காட்டுகின்றன. வியாழக்கிழமைகளில் அங்கே கூடிய சந்தையால் குன்றுக்கு அந்தப் பெயர் வந்தது. பிற்காலத்தில் மதில் சூழ்ந்த நகரம் எழுந்தது வேறொரு குன்றில். கோட்டை அதற்குக் கிழக்கே, தனியாக நிற்கும் இன்னொரு குன்றில். நகரமும் கோட்டையும் ஒரே மதிலுக்குள் அடங்கியவை என்று எண்ணிக்கொண்டு லுப்லின் வரலாற்றைப் படித்தால் பல செய்திகள் புரியாமல் போகும். அவை இரண்டு குன்றுகள், இரண்டு நிர்வாகங்கள், இரண்டு சட்டங்கள்.

எழுத்துச் சான்றுகளில் லுப்லினின் பெயர் முதலில் வருவது 1198இல். கோட்டைக் குன்றில் மரத்தாலும் மண்ணாலும் ஆன காவல் அரண் ஒன்று 12ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது; அதை அமைத்தவர் இளவரசர் நீதிமான் காசிமிர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. போலந்து அப்போது ஒரே அரசாக இல்லை. பியாஸ்ட் அரச குலத்தின் கிளைகள் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன, லுப்லின் சாந்தோமியெஷ் இளவரசுப் பகுதியின் கிழக்கு விளிம்பாக இருந்தது. அதற்கு அப்பால் ஹாலிச், வொலின் ஆகிய ருத்தேனிய (கிழக்கு ஸ்லாவிய) நாடுகள். வடகிழக்கில் பால்டிக் இனத்தவரான யத்விங்கியரும் லித்துவேனியரும். இந்தத் திசைகளிலிருந்து வருகிறவர்கள் வணிகர்களாகவும் இருக்கலாம், படையாகவும் இருக்கலாம். அதனால்தான் இங்கே கஸ்தெல்லான் என்னும் கோட்டைத் தலைவர் ஒருவரை இளவரசர்கள் நிறுத்தினார்கள்.

1241இல் மங்கோலியப் படை போலந்துக்குள் நுழைந்தபோது அதன் வழியில் அகப்பட்டு அழிந்த ஊர்களுள் லுப்லினும் ஒன்று. அந்த அழிவுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே ஹாலிச் இளவரசர் தனிலோவின் படைகளும் இங்கே வந்தன. வட்டக் கோபுரம் எழுந்தது இந்தக் குழப்பமான காலத்தில்தான். அதைக் கட்டியவர் தனிலோவா, சாந்தோமியெஷையும் கிராக்கோவையும் ஆண்ட போலெஸ்லாவா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் கருத்தொன்றவில்லை. எல்லைக் கோட்டைகளின் தன்மையே அப்படித்தான். கோட்டை கைமாறும்போது கட்டியவரின் பெயரும் கலங்கிப்போகிறது.

கோபுரத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பாருங்கள். செங்கல்லால் கட்டிய உருளை அது. அடிப்பகுதியில் சுவரின் கனமே மூன்று மீட்டருக்கு மேல். போரில் மற்ற எல்லாம் விழுந்த பிறகு கடைசியாகப் புகலிடம் தேடி ஏறும் இடம் என்பதால், இத்தகைய கோபுரங்களுக்குத் தரைமட்டத்தில் வாயில் வைக்க மாட்டார்கள். மேல்தளத்தில் வாயில் வைத்து, ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கோபுரத்தின் மேல்தளம் ஒன்றில், நடுவே ஒரு சிறு கல் தூணால் இரண்டாகப் பிரிந்த ஜன்னல் இருக்கிறது. கோதிக்குக்கு முந்திய ரோமனெஸ்க் பாணியில் செய்த வேலை அது. போருக்காக மட்டும் எழுப்பிய கட்டடத்தில், வெளியிலிருந்து எவருக்கும் எளிதில் தெரியாத உயரத்தில், ஒரு சிற்பி அந்தச் சிறு தூணைச் செதுக்கப் பொறுமை கொண்டிருக்கிறார். கோபுரத்தின் காலத்தைக் கணிக்க உதவும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. மங்கோலியர் விட்டுச்சென்ற சாம்பலின் மீது மரத்தால் மறுபடியும் வேலி கட்டாமல் செங்கல்லுக்கு மாறினார்கள் என்பது, அந்தக் குன்றை விட்டுக்கொடுக்க அவர்கள் எண்ணவில்லை என்பதைக் காட்டுகிறது.

1282இல் யத்விங்கியர் லுப்லின் நாட்டைச் சூறையாடி, பிடித்த மக்களை இழுத்துச் சென்றபோது, அவர்களைத் துரத்திச் சென்ற இளவரசர் லெஷெக் சார்னி ஒரு கருவாலி மரத்தடியில் உறங்கினார் என்றும், கனவில் தோன்றிய அதிதூதர் மிக்கேல் வாள் கொடுத்து ஊக்கினார் என்றும், வென்று திரும்பியவர் அதே இடத்தில் மிக்கேலுக்கு ஓர் ஆலயம் எழுப்பினார் என்றும் ஊர் மரபு சொல்கிறது. கனவை நாம் சரிபார்க்க முடியாது. ஆனால் புனித மிக்கேல் ஆலயம் பல நூற்றாண்டுகள் நகரின் தலைமைப் பங்கு ஆலயமாக நின்றது உண்மை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை இடித்துவிட்டார்கள். பழைய நகரத்தில் அதன் அடித்தளக் கோடுகளைத் தரையில் வெளிக்காட்டி வைத்திருக்கும் சதுக்கத்தை இன்றும் காணலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் லுப்லின் ருத்தேனியர் வசமாகி, 1302இல் மீண்டும் போலந்து வீரர்களின் கைக்கு வந்தது.

இனி நீங்கள் கேட்ட ‘அரச நகரம்’. சிதறிக்கிடந்த பியாஸ்ட் நாடுகளை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்த விளாதிஸ்லாவ் வொக்கியெதெக், 1317 ஆகஸ்ட் 15 அன்று, லுப்லினுக்கு மாக்டெபுர்க் சட்டப்படியான நகர உரிமையை வழங்கினார். அவரே 1320இல்தான் முடிசூடினார். அதாவது அரசராவதற்கு முன்பே இந்தச் சாசனத்தைக் கொடுத்துவிட்டார். எல்லையோரத்தில் தன் பக்கம் நிற்கும் ஒரு வலுவான ஊர் அவருக்குத் தேவைப்பட்டது. கட்டளையால் மட்டும் அப்படி ஓர் ஊரை உருவாக்க இயலாது. குடியேற வருகிறவர்களுக்கு உறுதியான நிலமும் உறுதியான சட்டமும் வேண்டும். மாக்டெபுர்க் சட்டம் அந்த உறுதியைத் தந்தது. ஜெர்மானிய நகரமான மாக்டெபுர்க்கில் உருவாகி நடு ஐரோப்பா முழுவதும் பரவிய அந்தச் சட்டத்தின்படி, நகரத்தார் இளவரசரின் அதிகாரிகளுக்குக் கீழ்ப்படாமல், தங்களுக்குள் தாங்களே தீர்ப்பு வழங்கிக்கொள்ளலாம். மனைகள் அளந்து பிரிக்கப்படும். நடுவில் ரினெக் எனப்படும் சந்தைச் சதுக்கம் விடப்படும். ஒவ்வொரு மனைக்கும் ஆண்டு வாடகை குறிக்கப்படும்.

குடியேற்றத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஆள் வூய்த் எனப்பட்டார். லுப்லினின் வூய்த், ஓப்பாதூவ் ஊரைச் சேர்ந்த மச்சியெய் என்பவர். வூய்த் பதவி பரம்பரையாகச் செல்வது. நகரத்தின் வாடகையில் ஒரு பங்கும் நீதிமன்ற அபராதத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கும் வூய்த்துக்குச் சேரும் என்பது அக்காலப் போலந்தில் வழக்கம்; ஊரைக் கட்டியெழுப்ப அவர் போட்ட முதலுக்கும் உழைப்புக்கும் அதுவே பலன். காலப்போக்கில் நகரத்தார் தங்கள் மன்றத்தின் மூலம் வூய்த்தின் அதிகாரத்தைத் தங்கள் பக்கம் ஈர்த்துக்கொள்வதுதான் போலந்து நகரங்களில் பெரும்பாலும் நடந்தது. மேல்முறையீட்டுக்கு ஜெர்மனியின் மாக்டெபுர்க் வரை போகும் வழக்கத்தை நிறுத்துவதற்காக, 1356இல் வொக்கியெதெக்கின் மகனான அரசர் மகா காசிமிர், தலைநகர் கிராக்கோவின் கோட்டையில் ஓர் உயர் நீதிமன்றத்தையே ஏற்படுத்தினார். சட்டம் வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம், இறுதித் தீர்ப்பு நம் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற தெளிவு அந்த அரசருக்கு இருந்தது.

ஆகவே அரச நகரம் என்பது அரசர் வசிக்கும் ஊர் என்று பொருள்படாது. நகரம் நிற்கும் நிலத்துக்கு உடையவர் அரசர். வாடகையும் வரியும் அவருக்கே சேரும். இடையில் வேறு பிரபு எவரும் கிடையாது. போலந்தில் பெருநிலக்கிழார்கள் தங்கள் நிலத்தில் நிறுவிய தனியார் நகரங்களும் ஆயர்களும் மடங்களும் நிறுவிய திருச்சபை நகரங்களும் இருந்தன. அங்கே குடிமக்களின் உரிமை அந்தப் பிரபுவின் மனப்போக்கைப் பொறுத்தது. அரச நகரத்தின் குடிமகன் நேராக அரசரிடம் முறையிடலாம். சாசனத்தை ஒவ்வொரு புதிய அரசரிடமும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். லுப்லின் நகரத்தார் இதை மிகுந்த கவனத்துடன் செய்தார்கள்.

கோட்டைக் குன்று இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தது. அங்கே அரசரின் சார்பில் ஸ்தாரோஸ்தா என்னும் அதிகாரி இருந்தார். அரச நிலங்களின் வருவாய், படைத் தேவை, நகரத்தாருக்கு அப்பாற்பட்ட வழக்குகள் எல்லாம் அவர் பொறுப்பு. கோட்டைக்குக் கீழே இருந்த தாழ்நிலமும் அவர் ஆளுகைக்கு உட்பட்டதால், நகரச் சட்டத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் அங்கே குடியமர முடிந்தது. யூதர்களின் குடியிருப்பு கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் வளர்ந்ததற்குக் காரணம் இதுவே. 1535இல் நகரத்தார் தங்கள் மதிலுக்குள் யூதர் குடியேறக் கூடாது என்று அரசரிடம் சாசனம் பெற்றபோதும், அடிவாரக் குடியிருப்பு ஸ்தாரோஸ்தாவின் பாதுகாப்பில் தழைத்து, ஐரோப்பாவின் முதன்மையான யூதக் கல்வி மையங்களுள் ஒன்றாக உயர்ந்தது. நகரக் குன்றுக்கும் அடிவாரத்துக்கும் நடுவே நிற்கும் குரோத்ஸ்கா வாயிலை ‘யூத வாயில்’ என்றும் மக்கள் அழைத்தது அதனால்தான். அந்தக் குடியிருப்பை இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் மக்களோடு சேர்த்து அழித்தார்கள். கோட்டைக்கு முன் இன்று விரிந்திருக்கும் வெற்றுச் சதுக்கமும் புல்வெளியும் வீடுகளும் தெருக்களும் நிறைந்திருந்த இடம். அங்கே போகிறவர்கள் அதை அறிந்து நிற்க வேண்டும்.

மகா காசிமிர் 1340களில் கிழக்கே ஹாலிச் ருத்தேனியாவைப் போலந்தோடு இணைக்கத் தொடங்கியதும், அதற்குப் பதிலடியாகத் தாத்தாரியப் படை 1341இல் லுப்லின் வரை வந்தது. அரசர் அதைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். இந்த அச்சத்தின் விளைவு உடனே கல்லிலும் செங்கல்லிலும் தெரிந்தது. 1342இல் நகர உரிமையை அவர் புதுப்பித்தார். நகரத்துக்குச் செங்கல் மதிலும், மேற்கே கிராக்கோவ் வாயிலும், கோட்டைப் பக்கம் குரோத்ஸ்கா வாயிலும் எழுந்தன. கோட்டைக் குன்றில் மரஅரண் போய்ச் செங்கல் கோட்டை வந்தது. சிற்றாலயத்தின் கட்டடமும் அவர் காலத்தைச் சேர்ந்தது. தோமினிக்கன் துறவியருக்கு மதிலையொட்டி மடமும் ஆலயமும் கிடைத்தன. நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோட்டைகளை எழுப்பியவர் என்று காசிமிரைப் போற்றுவார்கள். அவற்றுள் லுப்லின் கோட்டை கிழக்கு வழியைக் காத்தது.

காசிமிருக்கு ஆண் வாரிசு இல்லை. 1370இல் அவர் இறந்தபின் அரியணை ஹங்கேரி அரசர் லூயியிடமும், அவருக்குப்பின் அவர் இளைய மகள் யாத்விகாவிடமும் சென்றது. அந்த இளம் அரசிக்குக் கணவராக லித்துவேனியாவின் பெருங்கோமகன் யாகியெல்லோவைப் போலந்துப் பிரபுக்கள் தேர்ந்தார்கள். 1385 ஆகஸ்ட் 14இல் கிரெவோ என்ற இடத்தில் அவர் தம் வாக்குறுதிகளை அளித்தார்: கத்தோலிக்க சமயத்தைத் தழுவுவது, நாட்டையும் சமயம் மாறச் செய்வது, லித்துவேனியாவைப் போலந்து முடியோடு இணைப்பது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில், 1386 பிப்ரவரி 2 அன்று, லுப்லினில் கூடிய பிரபுக்கள் பேரவை அவரை அரசராகத் தேர்ந்தெடுத்தது. பத்து நாளில் கிராக்கோவ் சேர்ந்து, 15ஆம் நாள் திருமுழுக்குப் பெற்று, 18ஆம் நாள் யாத்விகாவை மணந்து, மார்ச் 4 அன்று முடிசூடினார். கிராக்கோவில் நடந்த விழாக்களை எல்லோரும் சொல்வார்கள். அவரை அரசராக முதலில் ஏற்ற இடம் லுப்லின் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தேர்தல் ஊரின் இருப்பிடத்தையே மாற்றிவிட்டது. லித்துவேனியா இனிப் பகைநாடு அல்ல, ஒரே அரசரின் இன்னொரு நாடு. கிராக்கோவிலிருந்து லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ் போகும் பாதையில் லுப்லின் இயல்பான தங்குமிடம் ஆயிற்று. யாகியெல்லோ தம் நீண்ட ஆட்சியில் இங்கே அடிக்கடி வந்து தங்கினார். 1410இல் குருன்வால்ட் போரில், பால்டிக் கரையை ஆண்ட போர்வீரத் துறவியர் சபையான ஜெர்மானிய வீரத்துறவியரை வென்றதற்கு நன்றியாக, நகர மதிலுக்கு வெளியே அன்னை மரியாளுக்கு ஓர் ஆலயம் எழுப்பி, பிரிகித்தா சபைத் துறவியரை அதில் குடியமர்த்தினார். அந்த ஆலயம் இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் லுப்லினுக்குச் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது கோட்டைச் சிற்றாலயத்தின் ஓவியங்கள்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் அது மேற்கு ஐரோப்பாவில் எங்கும் காணக்கூடிய கோதிக் செங்கல் ஆலயம். இரண்டு அடுக்கு, வழிபாட்டுக்கான கூடம் மேலடுக்கில். கூடம் ஏறத்தாழச் சதுரமானது. அதன் நடுவில் ஒற்றைத் தூண் நிற்கிறது. கூரையின் விலா வளைவுகள் எல்லாம் அந்தத் தூணின் தலையிலிருந்து பனை ஓலைகளைப் போல நாற்புறமும் விரிகின்றன. உள்ளே நுழைந்து தலையைத் தூக்கியதும் கட்டடம் ஒன்றும் ஓவியம் வேறொன்றும் சொல்வது புலப்படும். சுவரும் வளைவும் தூணும் கத்தோலிக்க மேற்கின் வேலை. அவற்றின் மீதுள்ள உருவங்களோ கிழக்கு ரோமப் பேரரசில் வளர்ந்த பைசாந்திய மரபில், கிழக்குத் திருச்சபையின் (ஆர்த்தடாக்ஸ்) ஓவியர்கள் தீட்டியவை. கூரையில் மாட்சியோடு வீற்றிருக்கும் கிறிஸ்துவும் அவரைச் சூழ்ந்த வானதூதர் படைகளும். சுவர்களில் திருவிழா நிகழ்ச்சிகளின் வரிசை. பீடப்பகுதியில் கிறிஸ்து பட்ட பாடுகளின் காட்சிகளும், அப்போஸ்தலர்களுக்கு அவர் நற்கருணை வழங்கும் காட்சியும்.

பைசாந்திய ஆலயத்தில் இந்த ஓவிய வரிசைக்கு ஒரு நிலையான இலக்கணம் உண்டு. நடுக் குவிமாடத்தில் கிறிஸ்து. அதற்குக் கீழே வானதூதர். அதற்கும் கீழே நற்செய்தி நிகழ்ச்சிகள் என்று விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கும் படிநிலை அது. லுப்லினில் குவிமாடம் இல்லை. கூரை விலா எலும்புகளால் சிறு சிறு முக்கோணத் துண்டுகளாக உடைந்து கிடக்கிறது. ஓவியர்கள் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எந்த உருவம் எந்த முக்கோணத்தில் அடங்கும் என்று புதிதாக யோசித்திருக்கிறார்கள். கூரையின் குறுகிய மூலைகளை வானதூதர்களின் இறக்கைகளால் நிரப்பியிருக்கிறார்கள். ஈரச் சாந்து காய்வதற்குள் வண்ணம் சுவரில் ஏற வேண்டும் என்பதால், ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கே சாந்து பூசி வரைய வேண்டிய வேலை அது. இப்படிப்பட்ட வேலையில் இடத்தை முன்கூட்டியே கணக்கிடாமல் கை வைக்க முடியாது. இந்த ஓவியர்கள் தங்கள் மரபைக் கோதிக் கூரைக்காகக் குறைத்துக்கொள்ளவில்லை, கோதிக் கூரையைத் தங்கள் மரபுக்குள் கொண்டுவந்தார்கள். மரபைக் கரைத்துக் குடித்தவர்களால் மட்டுமே அது முடியும்.

அந்த ஓவியர்களுள் ஒருவரின் பெயரை நாம் அறிவோம். பீடப்பகுதிக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள வளைவில், சிரில்லிக் எழுத்தில், திருச்சபை ஸ்லாவோனிய மொழியில் ஒரு கல்வெட்டு வாசகம் போன்ற நீண்ட குறிப்பு தீட்டப்பட்டிருக்கிறது. அரசரின் பெயரையும் பட்டங்களையும் சொல்லி, 1418ஆம் ஆண்டில் மறைசாட்சி புனித லாரன்ஸ் திருநாளன்று, அதாவது ஆகஸ்ட் 10 அன்று, வேலை நிறைவுற்றது என்றும், அது அந்திரெயின் கையால் ஆனது என்றும் அந்தக் குறிப்பு தெரிவிக்கிறது. ஓவியங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கைகளின் வேலையை ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். அந்திரெய் அந்தக் குழுவின் தலைவராக இருந்திருக்க வேண்டும். அரசரும் இரண்டு இடங்களில் இருக்கிறார். ஓரிடத்தில் புனிதர்கள் பரிந்துரைக்க, குழந்தையோடு அமர்ந்த அன்னை மரியாள் முன் மண்டியிட்டிருக்கிறார். மற்றோரிடத்தில் குதிரை மீது வருகிறார். வானிலிருந்து இறங்கும் தூதர் அவருக்கு முடியை நீட்டுகிறார். அவர் உயிரோடு இருந்தபோதே தீட்டிய உருவங்கள் என்பதால், அவர் தோற்றத்தை அறிய விரும்பும் வரலாற்றாளர்களுக்கு இவை அரிய சான்றுகள்.

கத்தோலிக்கராக மாறிய அரசர் ஒருவர் தம் கோட்டை ஆலயத்தைக் கிழக்குத் திருச்சபை ஓவியர்களிடம் ஏன் ஒப்படைத்தார்? அவருடைய தாய் உலியானா, த்வேர் நாட்டு இளவரசி, கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர். லித்துவேனியப் பெருநாட்டின் அலுவலக எழுத்துமொழி ருத்தேனிய மொழி. குடிமக்களில் பெரும்பாலோர் கிழக்குத் திருச்சபையினர். எனவே அந்த ஓவிய மரபு அவர் இளமையிலிருந்து பழகியது, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் நான் இதை வெறும் தாய்வீட்டு நினைவாக மட்டும் எண்ணவில்லை. 1418 என்ற ஆண்டைக் கவனியுங்கள். கான்ஸ்டன்ஸ் நகரில் நடந்த திருச்சபைப் பொதுச்சங்கத்தில், யாகியெல்லோ உண்மையான கிறிஸ்தவரே அல்லர் என்று வீரத்துறவியர் தரப்பு சாடிக்கொண்டிருந்தது. போலந்துத் தரப்பு அதற்குச் சட்ட வாதங்களால் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், கியேவின் பெருநகர ஆயர் கிரிகோரி த்சாம்ப்லாக் கிழக்குத் திருச்சபைத் தூதுக்குழுவோடு அந்தச் சங்கத்துக்குப் போய், இரு திருச்சபைகளின் ஒற்றுமை குறித்துப் பேசினார். யாகியெல்லோவும் அவர் உறவினர் வித்தாவுத்தாஸும் அதற்குத் துணை நின்றார்கள். தம் ஆட்சிக்குட்பட்ட இரண்டு கிறிஸ்தவ மரபுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்ற அரசரின் நிலைப்பாட்டை அந்தச் சிற்றாலயம் கண்ணுக்குக் காட்டுகிறது. யாகியெல்லோ சாந்தோமியெஷ், விஷ்லித்சா ஆலயங்களிலும் இதே மரபில் ஓவியம் தீட்டச் செய்தார் என்பதால், இது ஓர் ஊரோடு நின்ற ஆசை அன்று. அவற்றுள் லுப்லின் ஓவியங்களே மிகுதியாகப் பிழைத்திருக்கின்றன.

வணிகத்தில் ஊர் அடைந்த வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிழக்கிலிருந்து தோலும் மெழுகும் மென்மயிர்த் தோலும் கால்நடையும், மேற்கிலிருந்து துணியும் இவ்வழியே வந்தன. 1448இல் யாகியெல்லோவின் மகன் நான்காம் காசிமிர், ஆண்டுக்கு நான்கு பெருஞ்சந்தைகளை, ஒவ்வொன்றும் 16 நாள் வீதம், நடத்திக்கொள்ள நகரத்துக்கு உரிமை அளித்தார். ஓர் ஊர் ஆண்டில் 64 நாள் திறந்த சந்தையாக இருந்தது என்றால் அதன் சத்திரங்களும் கிடங்குகளும் எவ்வளவு வேலை பார்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1474இல் அதே அரசர் சாந்தோமியெஷிலிருந்து பிரித்து லுப்லின் மாகாணத்தை உருவாக்கி, இந்த ஊரை அதன் தலைநகராக்கினார். அந்த ஆண்டுகளில் அரச குமாரர்களும் கோட்டையில் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கு ஆசிரியர் போலந்தின் பெரும் வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ். அந்தச் சிறுவர்களுள் மூவர் பின்னாளில் போலந்தையும் ஒருவர் போஹேமியாவையும் ஹங்கேரியையும் ஆண்டார்கள்; காசிமிர் என்பவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1520களில் முதலாம் சிகிஸ்முந்த் கோட்டையை மறுமலர்ச்சிக்கால மாளிகையாக மாற்றியமைத்தார். 1569இல் போலந்து, லித்துவேனியப் பிரதிநிதிகளின் பேரவை இங்கே பல மாதங்கள் கூடி, ஜூலை 1 அன்று இரு நாடுகளையும் ஒரே குடியரசாக இணைக்கும் உடன்படிக்கையை முடித்தது. 1386இல் தொடங்கிய இணைப்பு அதே ஊரில் முழுமை பெற்றது. அந்த நிகழ்ச்சியை எவரோ ஒருவர் சிற்றாலயத்தின் ஓவியச் சுவரிலேயே லத்தீன் எழுத்தில் கீறிவைத்திருக்கிறார். ஓவியத்தின் மீது கீறுவது தவறுதான். ஆனாலும் அந்தக் கீறல் இன்று ஓவியத்துக்கு இணையான ஆவணமாகிவிட்டது.

1575இல் பெருந்தீ நகரத்தின் கோதிக் வீடுகளைத் தின்றது; அதன் பின்னர் கட்டியவைதான் இன்று பழைய நகரத்தில் நாம் காணும் மறுமலர்ச்சிக்கால முகப்புகள். 17ஆம் நூற்றாண்டுப் போர்கள் கோட்டையைப் பாழாக்கின. சுவர்கள் இடிந்து கல்குவியலாயின. கோபுரமும் சிற்றாலயமும் நின்றன. 1820களில் சிறை கட்டியவர்கள் அவற்றை இடிக்காமல் வளாகத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். சிறைக்கும் ஓர் ஆலயம் தேவையாக இருந்தது. அந்தக் காலத்தில் ஓவியங்களைச் சாந்து பூசி மூடிவிட்டார்கள். 1899இல் யூசெப் ஸ்மோலின்ஸ்கி என்ற ஓவியர் சாந்துக்குக் கீழே வண்ணம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன்பின் சாந்தை உரித்து ஓவியங்களை மீட்கும் வேலை, போர்களால் நின்று நின்று, பல தலைமுறைகள் நடந்தது. அந்த இடைவெளியில் சிறை சிறையாகவே இருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் போதும் அதற்குப் பின்னும் அதற்குள் பெருந்துன்பங்கள் நிகழ்ந்தன. 1944 ஜூலை 22 அன்று, ஜெர்மானியர் வெளியேறுவதற்கு முன்னால், ஏறத்தாழ 300 கைதிகள் அங்கே கொல்லப்பட்டார்கள். 1954இல் சிறையை மூடினார்கள், 1957இல் அருங்காட்சியகம் அங்கே வந்தது, ஓவியங்களின் பாதுகாப்புப் பணி 1997இல் நிறைவுற்றுச் சிற்றாலயம் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

நேரில் போக வாய்ப்பிருந்தால், கிராக்கோவ் வாயிலில் நுழைந்து, சந்தைச் சதுக்கத்தைக் கடந்து, குரோத்ஸ்கா வாயில் வழியாக இறங்கிக் கோட்டைக் குன்றில் ஏறுங்கள். அப்படி நடந்தால் நகரக் குன்று எங்கே முடிகிறது, ஸ்தாரோஸ்தாவின் ஆளுகை எங்கே தொடங்கியது என்பது காலுக்கே தெரியும். கோபுரத்தை முதலில் பார்த்துவிட்டுச் சிற்றாலயத்துக்குச் செல்லுங்கள். வளைவிலுள்ள அந்திரெயின் பெயர் உயரத்தில், பழைய எழுத்தில் இருப்பதால், வழிகாட்டியிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.